கூடைப்பந்து கேள்வி-பதில்: ரீபவுண்ட் கடிதங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரீபவுண்டைப் பற்றியவை, அதாவது கூடைக்குள் விழாமல் தெறிக்கும் பந்தைப் பிடிப்பதைப் பற்றி. பள்ளிப் போட்டிகள் நெருங்குகின்றன போலிருக்கிறது.

என் மகன் உயரம் 1.62 மீட்டர். அவனால் ரீபவுண்ட் எடுக்க முடியுமா? (உட்லண்ட்ஸ்)

வயதை எழுதவில்லையே! பன்னிரண்டா, இருபதா? எதுவானாலும் முடியும். அமெரிக்க ஆட்டக்காரர் டென்னிஸ் ராட்மன் சுமார் 2 மீட்டர்தான். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் அது பெரிய உயரமே இல்லை. 1992 முதல் 1998 வரை தொடர்ந்து 7 பருவங்கள் ரீபவுண்டில் அவர்தான் முதலிடம். அவரைவிடக் குட்டையான சார்ல்ஸ் பார்க்லியும் 1986-87 பருவத்தில் முதலிடம் பிடித்தார். கடிதத்தின் அடியில் உயரம் வளர்க்கும் பவுடரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள்.

எங்கள் அணியில் எல்லாரும் நன்றாகக் குதிப்போம். ஆனாலும் ரீபவுண்ட் எதிரணிக்கே போகிறது. ஏன்? (தெம்பனிஸ் மாணவர்)

அடுத்த ஆட்டத்தை யாரையாவது கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். எதிரணி ஷூட் செய்த நொடியில் நிறுத்திப் பாருங்கள். ஐந்து பேரும் அண்ணாந்து நின்றுகொண்டிருப்பீர்கள். பார்க்காமலே சொல்கிறேன், ஏனென்றால் வார இறுதியில் எந்தச் சமூக மன்றத் திடலுக்குப் போனாலும் இதே காட்சிதான்.

பந்து கையை விட்டு ரிங்கைத் தொட ஒன்று, ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் முதலில் ஆளைத் தேட வேண்டும், பந்தை அல்ல. அவரை நோக்கி ஓர் அடி வையுங்கள். முன்கை அவர் நெஞ்சில் பட்டதும் திரும்பி, முதுகையும் இடுப்பையும் அவர்மேல் வைத்து, முழங்காலை மடக்கித் தாழ்வாக நில்லுங்கள். கைகள் தோளுக்கு மேலே. இப்போது பந்தைப் பாருங்கள், அப்புறம் குதியுங்கள். ரிங்குக்கு நேர்கீழே போய் நிற்காதீர்கள். அங்கே விழுவது கூடைக்குள் போன பந்துதான். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளியே ஆளை மறித்துவிட வேண்டும்.

பயிற்றுநர்களையும் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரப் பயிற்சியில் ஒன்றரை மணி நேரம் ஷூட்டிங். இப்படி ஆளை மறிக்கும் பாக்ஸ் அவுட்டுக்குக் கடைசி ஐந்து நிமிடம், அதுவும் பிள்ளைகள் பையைக் கட்டும் நேரத்தில். இதற்குச் செலவே கிடையாது. நடுவட்டத்தில் பந்தைத் தரையில் வையுங்கள். ஒருவர் வட்டத்துக்கு வெளியே நின்று பந்தைத் தொட முயல வேண்டும், இன்னொருவர் முதுகாலேயே ஐந்து வினாடி மறிக்க வேண்டும். வாரம் இரண்டு முறை, பத்து நிமிடம். இதைச் செய்யாமல் "நன்றாகக் குதிப்போம்" என்று எனக்கு எழுதாதீர்கள்.

பாக்ஸ் அவுட் செய்தால் நடுவர் ஃபவுல் கொடுக்கிறார்.

இடத்தைப் பிடிக்கலாம், ஆளைப் பிடிக்கக் கூடாது. இடுப்பால் பின்னுக்குத் தள்ளினாலும் ஃபவுல்தான். உங்கள் இன்னொரு புகாருக்குப் பதில்: பின்னால் நிற்பவர் உங்கள் தலைக்கு மேலே கை நீட்டிப் பந்தை எடுப்பது தப்பில்லை. உடம்பு இடித்தால்தான் தப்பு.

பந்து எந்தப் பக்கம் விழும் என்று கணிக்க முடியுமா? (செங்காங்)

ஓரளவுக்கு. மூலையிலிருந்து எறிந்து தவறும் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும், பத்துக்கு ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து எறிந்தால் தூரமாகத் தெறிக்கும். திறந்தவெளித் திடல்களில் ரிங் விறைப்பாக இருந்தால் இன்னும் தள்ளிப் போகும். ஆட்டத்துக்கு முன் பத்து ஷாட் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீபவுண்ட் எடுத்தவுடன் பொடியன்கள் பந்தைத் தட்டிவிடுகிறார்கள்.

இடுப்புக்கு இறக்குகிறீர்கள். தாடைக்குக் கீழே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடியுங்கள், முழங்கை விரிந்திருக்கட்டும், ஆனால் வீசாதீர்கள். இரண்டு காலில் இறங்குங்கள். எடுத்ததும் பந்தைத் தரையில் தட்ட வேண்டாம், ஓரத்தில் நிற்பவருக்கு பாஸ்.

ஃப்ரீ த்ரோவின்போது (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத எறிதல்) எங்கள் உயரமான ஆளை எங்கே நிறுத்துவது?

எதிரணி எறியும்போதுதானே? கூடைக்கு மிக அருகில் இருக்கும் இரண்டு இடமும் உங்களுடையவை, அதில் ஒன்றில். மூன்றாவது ஆள் எறிந்தவரை மறிக்கட்டும். அவரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

எகிறிக் குதிக்கப் பயிற்சி அடுக்குமாடி புளோக் கீழே செய்யலாமா?

சிமெண்டுத் தரையில் தினமும் நூறு, இருநூறு குதித்தால் முழங்கால்தான் போகும். வாரம் இரண்டு நாள், உள்ளரங்கில், முப்பது, நாற்பது போதும். இரண்டு காலில் இறங்குங்கள். மழை விட்ட கையோடு திடலுக்கு ஓடாதீர்கள், தரை காயட்டும்.

மகளுக்கு 7ஆம் எண் பந்து வாங்கிவிட்டேன், சரியா?

பெண்கள் ஆட்டத்துக்கு 6ஆம் எண். ரசீது இருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.