மதியம் 95 டிகிரி: வாட்டர் கூலர் வாங்குவதற்கு முன்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. மகனுக்காகப் பாகம் பாகமாக வாங்கிக் கணினி சேர்த்தேன். ரைசன் 7 7700எக்ஸ் சிபியு, அதன் சூட்டை இறக்கச் சின்ன ஏர் கூலர், முன்பக்கம் கண்ணாடி வைத்த கேஸ். மேசைக்கு அடியில், சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரவு ஏர்கோன் போட்டு விளையாடினால் சிபியு 78 டிகிரி. மதியம் ஏர்கோன் இல்லாமல் அதே கேமுக்கு 87. வீடியோ எக்ஸ்போர்ட் செய்தால் 95-ஐத் தொடுகிறது. கடையில் வாட்டர் கூலர் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? அதுவரை பக்கக் கதவைக் கழற்றியே வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் எழுதிய எண்களிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஏர்கோன் அறை 25 டிகிரி, மதிய அறை 33, 34 என்று வைத்துக்கொண்டால், இரண்டு வேளையும் சிபியு அறையைவிட ஏறத்தாழ 53 டிகிரிதான் மேலே நிற்கிறது. அறை ஏறிய அளவுக்குச் சிபியுவும் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ஏர் கூலரோ வாட்டர் கூலரோ, இரண்டுமே அறைக் காற்றை வைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகின்றன. குளிர் நாட்டில் 21 டிகிரி அறையில் சோதித்துப் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு கோலாலம்பூர் மதியத்தில் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது.

அடுத்து அந்த 95. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையில் உங்கள் சிப்புக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி வைத்த உச்ச வரம்பே 95 டிகிரிதான். கனமான வேலை வந்தால் அந்த எல்லை வரை போய், அதைத் தாண்டாமல் வேகத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆகவே சூட்டோடு சேர்த்து வேகத்தையும் பாருங்கள். 7700எக்ஸின் அடிப்படை வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். 95-இல் நின்றாலும் 5 பக்கத்தில் ஓடுகிறதா, பயப்பட ஒன்றுமில்லை. 4.5-க்குக் கீழே விழுகிறதா, அப்போதுதான் கோளாறு.

சரி, சோதனைக்கு வருவோம். சாதாரண அறை வெப்பமானி ஒன்றைக் கேஸின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் வையுங்கள். வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்துவிட்டு, சிபியுவை முழு வேலை வாங்கி மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் ஆர்23-இன் 10 நிமிடச் சோதனையை ஓட்டுங்கள். அறை வெப்பம், சிபியு வெப்பம், வேகம், கடைசியில் வரும் மதிப்பெண் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். சிபியு ஆறியதும் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே சோதனை. பிறகு கதவை மாட்டி, முன் கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு முறை. மூன்றும் ஒரே மதியத்தில் நடக்கட்டும். இதையே அரை மணி நேரம் கேம் ஓட்டியும் செய்யுங்கள். சினிபெஞ்ச் சிபியுவை மட்டும்தான் வேலை வாங்கும். கேமில் கிராபிக்ஸ் கார்டு கக்கும் சூடும் அதே பெட்டிக்குள் சுற்றும்.

கதவையோ கண்ணாடியையோ எடுத்ததும் 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் குறை காற்றோட்டத்தில். 95-இல் முட்டி நிற்கும் சோதனையில் வெப்பம் இறங்காமல் வேகமும் மதிப்பெண்ணும் கூடலாம், அதுவும் அதே அறிகுறிதான். உங்கள் கேஸைப் பொறுத்தவரை என் சந்தேகம் இங்கேதான். கண்ணாடி வைத்த கேஸ்களில் ஓரத்து இடுக்கு வழியாகத்தான் முன் ஃபேன்கள் மூச்சு விட முடியும். மேசை அடியிலிருந்து வெளியே இழுத்து, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஃபேன் திசையையும் பாருங்கள்: குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கம் காற்று வெளியேறும் பக்கம். ஒரு துண்டு டிஷ்யூ பிடித்தால் தெரிந்துவிடும். முன்னால் இரண்டு மூன்று உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும்.

சாமி மேடை பக்கத்தில் என்றீர்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் ஊதுபத்திப் புகையும் வெறும் தூசி மாதிரி இல்லை, பிசுக்காக வடிகட்டி வலையில் ஒட்டும். அதன்மேல் தூசி படிந்தால் பிரஷ்ஷுக்கு வராது. வலையைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கூலரின் ஹீட்சிங்க் (சூட்டை உறிஞ்சும் உலோகப் பகுதி) தகடுகளுக்குள் காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். கணினியை அடுத்த சுவருக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

திறந்தாலும் மூடினாலும் எந்த மாற்றமும் இல்லையென்றால் கூலரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் இருக்கிறதா? சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட் ஒரு ஓரம் மட்டும் மெலிந்து மறுபக்கம் தடிமனாக இருந்தால் திருகுகள் சமமாக இறுகவில்லை. பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்து, திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

அப்புறம் காசு செலவில்லாத வழி ஒன்று. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் ஈகோ மோட் 65 வாட் வையுங்கள். பெயரில் 65 இருந்தாலும், 142 வாட் வரை இழுக்கும் சிப் 88 வாட்டில் நின்றுகொள்ளும். கேமில் வித்தியாசம் தெரிவது அபூர்வம், எக்ஸ்போர்ட் சற்றே நீளும், சூடு நன்றாகவே இறங்கும். நம் ஊர் மதியத்துக்கு இதைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன்.

இவ்வளவுக்குப் பிறகும் வேகம் விழுந்தால் கூலரை மாற்றலாம். அப்போதும் லோ யாட் கணினிக் கடைகளில் இரட்டைக் கோபுர (தகடுகள் இரண்டு அடுக்காக நிற்கும்) ஏர் கூலர் கேட்டு வாங்குங்கள். பம்ப் பழுதாகும் கவலை இல்லை, விலையும் பெரும்பாலும் குறைவு. வாங்கும் முன் கேஸ் தாங்கும் உயரத்தை மட்டும் சரிபாருங்கள்.

பக்கக் கதவைக் கழற்றுவது சோதனைக்கு மட்டும். திறந்தே கிடந்தால் வடிகட்டி இல்லாமல் தூசி நேராக உள்ளே போகும், பல்லியும் போகும். மின்சாரம் ஓடும் பலகையில் பல்லி குறுக்கே விழுந்தால் மதர்போர்டே போய்விடலாம். பின்பக்கம் காலியான ஸ்லாட்டுக்கு மூடி இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள்.