அப்பத்தா கட்டும் அபராதம்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். 'ரீடிங் வீக்' என்று டைரியில் மிஸ் எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஆனால் வீட்டில் கேட்டால் புத்தகத்தைப் பார்க்காமலேயே முழுப் பாடத்தையும் கடகடவென்று சொல்கிறாள். கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால்தான் பென்சில் நகராது. யாராவது ஆங்கிலத்தில் பெயர் கேட்டால்கூட என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். நான் பிளஸ் டூ, கணவர் டிப்ளமோ. எங்கள் நிலைமை அவளுக்கு வரக் கூடாது என்று, வீட்டில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம் என உண்டியல் வைத்திருக்கிறார் என் கணவர். (அதில் என் மாமியார் காசுதான் அதிகம். பூ கட்டி வரும் பணத்தில் அவ்வப்போது போட்டுவிடுவார்.) இவளை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா, இல்லை பள்ளியையே மாற்றலாமா?
— ஒரு வாசகி, நிலக்கோட்டை

பதில்: வகுப்பு, பள்ளி இரண்டையும் அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த உண்டியல்.

இதே கடிதம் வேறு வேறு ஊர்ப் பெயரோடு எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைக்கு இங்கிலீஷ் வரவில்லை, எந்த வகுப்பில் சேர்க்கட்டும் என்று கேட்பார்கள். உங்கள் கடிதத்தையும் அப்படியே படித்துத் தாண்டியிருப்பேன். அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே ஒரு வரி, அங்கே நின்றுவிட்டேன்.

உங்கள் மாமியார் விரல் நோக மல்லிகை கட்டுகிறார். அந்தக் கூலியில் ஒரு பகுதியை, சொந்தப் பேத்தியோடு பேசியதற்காக, சொந்த மகன் வைத்த உண்டியலில் போடுகிறார். 'சாப்பிட்டியாடி கண்ணு' என்றால் ஒரு ரூபாய். 'வா, தலை வாரிவிடுறேன்' என்றால் இன்னொரு ரூபாய். இதை ஏதோ வேடிக்கை போல எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவரை டிப்ளமோ வரை படிக்கவைத்ததில் அம்மாவின் பூக்கூலி எவ்வளவு இருந்தது என்று அவரையே கேட்டுப் பாருங்கள். அவரை மடியில் வைத்துப் பேசப் பழக்கிய பாஷைக்குத்தான் இப்போது அவர் அபராதம் போடுகிறார்.

வீட்டில் பெரியவர்களின் வாயை மூடவைத்துவிட்டு ஒரு பிள்ளைக்கு வருகிற எந்தப் படிப்பும் வேண்டாம் என்பது என் கட்சி. பழைய பஞ்சாங்கம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நீங்களும் தப்பிக்க முடியாது. உண்டியலை வைத்தது கணவர் என்றாலும் அது நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள்தானே? அத்தை காசு போடும்போது ஒரு தடவையாவது கையைப் பிடித்துத் தடுத்தீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இந்த யோசனை புதிதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் உள்ள வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில், இங்கிலீஷ் பேசாமல் தாய்மொழியான வெல்ஷில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். 'வெல்ஷ் நாட்' என்று அதற்குப் பெயர். அடுத்து யார் வெல்ஷ் பேசி மாட்டுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது மாறும். சாயங்காலம் மணி அடிக்கும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி விழும். இன்று அதே நாட்டு அரசு, 2050க்குள் வெல்ஷ் பேசுகிறவர்களைப் பத்து லட்சம் ஆக்க வேண்டும் என்று திட்டம் போட்டுச் செலவு செய்கிறது. அங்கே அதைச் செய்தது பள்ளிக்கூடம். நீங்கள் அடுப்படிக்கே கொண்டுவந்துவிட்டீர்கள்.

சரி, உங்கள் கணக்குக்கே வருவோம். தமிழை நிறுத்தினால் இங்கிலீஷ் தானாக வந்துவிடும் என்று நினைத்தீர்கள். வீட்டில் இப்போது என்ன இங்கிலீஷ் ஓடுகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். கம், சிட், ஈட், டோன்ட் டூ, கோ டு ஸ்லீப். எல்லாம் உத்தரவு. எட்டு வயசுப் பிள்ளைக்கு ஆயிரம் 'ஏன்' இருக்கும். வகுப்பில் யாரோடு சண்டை, யார் பென்சிலைத் திருடினார்கள், சாமிக்கு ஏன் பசிக்காது, எல்லாம் கேட்கவும் சொல்லவும் இருக்கும். அதைப் பேச அவளிடம் தமிழ்தான் இருக்கிறது, தமிழுக்கோ காசு கட்ட வேண்டும். அதனால் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறாள் என்கிறீர்களே, வாயைத் திறந்தால் தண்டனை என்று சொல்லிக்கொடுத்த வீட்டுப் பிள்ளை வேறு எங்கே போகும்?

வாசிப்புக்கும் இதற்கும் நேரான சம்பந்தம் இருக்கிறது. கஃப், டன்மர் என்று இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் திறமை ஒன்று, காதால் கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறமை இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால்தான் வாசிப்பு. ஒன்று சைபர் ஆனால் விடையும் சைபர். இரண்டாவது திறமை எங்கே வளரும்? நீளமாகப் பேசிக் கேட்கிற இடத்தில், கதை கேட்கிற இடத்தில், அடுத்து என்ன ஆகும் என்று ஊகிக்கிற இடத்தில். உங்கள் வீட்டில் அதற்குச் சம்பளம் இல்லாத ஒரு ஆசிரியை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் அவரிடமே ஃபீஸ் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். கதையைத் தமிழில் கேட்டு முன்பின் சேர்த்துப் பார்க்கப் பழகிய மூளை, இங்கிலீஷ் வார்த்தை தெரிந்ததும் அதே வேலையை அங்கேயும் செய்யும்.

முதல் திறமைக்கு வருகிறேன். புத்தகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள் என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். அவள் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறாள். மிஸ் எழுதியதுதான் சரி. நடத்தாத பாடத்தைத் திறந்து, படத்தைக் கையால் மறைத்துவிட்டு, நடுவில் இருக்கிற ஒரு வரியில் விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தெரிந்துவிடும். முத்து முத்தான கையெழுத்தும் இதே சங்கதிதான். நாலு கோடு நோட்டில் போர்டைப் பார்த்துக் கோலம் மாதிரி வரைந்திருக்கிறாள்.

அவள் மட்டும் இல்லை. கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பை அளந்து பார்க்கிற அசர் (ASER) ஆய்வின்படி 2024இல் நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 23.4 சதவீதம். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மூன்றாவது வந்துவிட்டால் வாசிக்கத் தெரியும் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், என்ன வகுப்பு என்று பார்க்காமல் பிள்ளை நிஜமாக எங்கே நிற்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் மகள் இங்கிலீஷில் அரும்பு. அங்கிருந்து தொடங்குங்கள்.

அவளுக்கு எழுத்துகளின் பெயர் தெரியும், ஒலி தெரியாது. சி, ஏ, டி மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'கேட்' (cat) வராது. எழுத்து 26, ஒலியோ சுமார் 44 என்பதால் ஒரே எழுத்து இடத்துக்கு ஒன்றாக ஒலிக்கும். முதலில் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆறை மட்டும் எடுங்கள். பெயரைச் சொல்லாமல் ஒலியை மட்டும் சொல்லிப் பழக்குங்கள். இந்த ஆறை வைத்தே பின், டின், பான், டாப், நாப், சிட் (pin, tin, pan, tap, nap, sit) எல்லாம் கூட்டிப் படிக்கலாம். க் கூட அ சேர்ந்தால் க என்று தமிழில் அவள் ஏற்கெனவே செய்கிற வேலைதான். அதற்கு அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்; அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை, எனக்கு அதுவும் உறுத்துகிறது. ஆறும் கை வந்த பிறகு அடுத்த எழுத்துகள். 'வாஸ்' (was), 'செட்' (said), 'ஒன்' (one) போல ஒலிக்கு அடங்காத வார்த்தைகளைத் தனியாக அட்டையில் எழுதிக் கண்ணுக்குப் பழக்குங்கள்.

எழுதிப் பழக, நாளுக்கு இரண்டு வரி சொந்தமாக எழுதட்டும். ஸ்பெல்லிங்கைத் திருத்தாதீர்கள். 'கேட்' என்பதற்கு சி போடாமல் கே போட்டு எழுதினால் சந்தோஷப்படுங்கள். காதில் ஒலியைப் பிரித்துக் கேட்டிருக்கிறாள் என்று அர்த்தம். சரியான ஸ்பெல்லிங் வாசிக்க வாசிக்க வரும்.

பேச்சுக்குத்தான் உங்கள் மாமியார் வேண்டும். சாயங்காலம் அவர் பூ கட்டும்போது பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை கேட்கட்டும், முழுக்க முழுக்கத் தமிழில். ராத்திரி அதே கதையை அவள் உங்களுக்கு மூன்று நாலு வரி இங்கிலீஷில் சொல்ல வேண்டும். வார்த்தை வராத இடத்தில் தமிழைப் போட்டுக்கொள்ளலாம். என்ன சொல்லப் போகிறோம் என்பது கையில் இருந்தால்தான் எப்படிச் சொல்வது என்று தேடத் தோன்றும். உங்கள் கணவருக்கும் வேலை உண்டு. தினமும் கால் மணி நேரம் அவர் பூ வாங்க வந்தவர், அவள் கடைக்காரி. விலை கேட்கட்டும், பேரம் பேசட்டும், எல்லாம் இங்கிலீஷில். தப்பாகத்தான் பேசுவார், பேசட்டும். அப்பா தப்புத் தப்பாகப் பேசியும் ஒன்றும் ஆகவில்லை என்று அவள் பார்ப்பதுதான் முக்கியம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இப்போதைக்கு வேண்டாம். அங்கேயும் 'மை நேம் இஸ்' என்று மனப்பாடம்தான் கிடைக்கும். பள்ளியையும் மாற்றாதீர்கள். உண்மையை எழுதி அனுப்புகிற மிஸ் ஒருவர் அங்கே இருக்கிறார், அவரை நேரில் போய்ப் பாருங்கள், ஒலிகளிலிருந்து தொடங்கியிருக்கிறோம் என்று சொல்லுங்கள். பள்ளியிலும் தமிழுக்கு அபராதம் உண்டென்றால் அதையும் தட்டிக் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 பிள்ளைகளை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது.

மூன்று நாலு மாதம் இப்படி விடாமல் செய்தும் தமிழ் எழுத்தும் சேர்த்தே தடுமாறினால், முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணில் குறை இல்லையென்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று குழந்தைகள் டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு முன்னால் யார் சொல்லியும் 'மக்கு' என்ற பட்டத்தை ஒட்டாதீர்கள்.

உண்டியல் விஷயத்தை மட்டும் நீங்கள் செய்யக் கூடாது. வைத்தவரே உடைக்க வேண்டும். மகள் பார்க்க, காசை எண்ணி, அம்மா கையில் கொடுத்து, 'தப்பு பண்ணிட்டேன்மா' என்று தமிழில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அம்மா என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தக் கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.