ரெசின் ராணுவ பஸ்ட் கிட் தரமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: இரண்டாம் உலகப் போர் கால ஜெர்மன் காலாட்படை வீரரின் 1/10 அளவு ரெசின் பஸ்ட் (தலையும் மார்பும் மட்டுமுள்ள சிலை) வந்திருக்கிறது. வேலையைத் தொடங்குமுன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? எந்தக் குறை இருந்தால் திருப்பி அனுப்பலாம்?

குறைகளை எண்ணுவதை விட அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சட்டையின் தட்டையான பரப்பில் பத்து ஊசித்துளைகள் இருந்தாலும் ஒரு மாலை நேர வேலைதான். மேல் இமையின் விளிம்பில் ஒரே ஒரு குமிழி இருந்தால் சரிசெய்வது மிகக் கடினம். பஸ்ட்டில் மற்றதெல்லாம் முகத்துக்கு அப்புறம்தான்.

முதலில் பாகங்களை எண்ணிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து பழைய பல் துலக்கியால் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் ப்ரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) உரியும். சின்னப் பாகங்கள் தண்ணீரோடு போய்விடாமல் இருக்க வடிகட்டியில் வைத்துக் கழுவவும். திருப்பி அனுப்ப நேரிடலாம் என்றால் ப்ரைமர் அடிக்கக் கூடாது. வெளிறிய ரெசினுக்குள் வெளிச்சம் ஊடுருவுவதால் நேர் வெளிச்சத்தில் குறை தெரியாது. இருட்டறையில் கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு கோடும் மேடும் நிழல் விடும்.

இனி முகம். இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா? முகத்தைப் படமெடுத்து இடவலம் மாற்றிப் பாருங்கள். கண் பழகிப்போய் விட்டுவிடும் கோணல் உடனே தெரியும். இமைகளுக்கு விளிம்பும் தடிமனும் இருக்க வேண்டும். இமையும் விழியும் ஒன்றாகக் குழைந்திருந்தால் கருவிழி வரைய எல்லையே கிடைக்காது. காதின் மேல்முனை புருவ மட்டத்திலும் கீழ்முனை மூக்கடி மட்டத்திலும் இருப்பது பொதுவான அளவு. கேலிப்பர் இருந்தால் முகவாய்க்கட்டை நுனியிலிருந்து மூக்கின் வேர் வரை, அதாவது கண்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் பள்ளம் வரை, அளந்து பாருங்கள். ஆண்களுக்கு அது சுமார் 12 செ.மீ., 1/10 அளவில் 12 மி.மீ. வரும். 14 மி.மீ. காட்டினால், ஒன்று தலை பெரிது, இல்லையென்றால் பெட்டியில் போட்ட அளவு தவறு.

அச்சு இரு பாதிகளாக இருந்தால் நடுவில் இணைப்புக் கோடு விழும். அது காதுக்குப் பின்னால் போனால் நல்ல திட்டமிடல், கன்னத்தின் குறுக்கே போனால் மோசம். கோட்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள். மெல்லிய பிசிறாக இருந்தால் கத்தியால் சுரண்டிவிடலாம். படிக்கட்டு மாதிரி நகம் தட்டினால் அச்சின் பாதிகள் விலகியிருக்கின்றன. அதைத் தேய்த்துச் சமன் செய்தால் பக்கத்திலுள்ள தையலும் மடிப்பும் சேர்ந்தே போய்விடும். பள்ளங்களில் ஒழுங்கற்ற ரெசின் கட்டிகள் தெரிந்தால், சிலிகான் அச்சு பலமுறை பயன்பட்டுக் கிழிந்திருக்கிறது.

ரெசின் ஊற்றிய இடத்தில் நிற்கும் தண்டு உடம்பின் அடியில் இருந்தால் கவலையில்லை. ஹெல்மெட் உச்சியிலோ வார் நுனியிலோ இருந்தால் கவனம் தேவை. ரேசர் ரம்பத்தால் ஒரு மி.மீ. விட்டு அறுத்து, மிச்சத்தை ஈர உப்புத்தாளால் தேயுங்கள். ரெசின் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், மூச்சுக் கவசம் இல்லாமல் தேய்க்க வேண்டாம். மெல்லிய தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் குமிழி வெண்புள்ளியாகத் தெரியும். ஊசியால் குத்தித் திறந்து எபாக்சி புட்டியால் அடையுங்கள். சூப்பர் க்ளூவால் அடைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். இரவு முழுக்க விட்டால் ரெசினை விடக் கடினமாகி, சுற்றியுள்ள ரெசின் மட்டும் குழிந்துவிடும்.

அடுத்து வரலாற்றுச் சரிபார்ப்பு. இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1935 மாதிரி ஹெல்மெட்டில் காற்றுத்துளைக்குத் தனி வளையம் பொருத்தியிருக்கும். 1940 மாதிரியில் துளை ஓட்டிலேயே புடைத்து அடிக்கப்பட்டது. 1942 மாதிரியில் விளிம்பை மடிக்காமல், கூர்மையாக வெளிப்பக்கம் விரியவிட்டார்கள். பெட்டியில் ‘பிரான்ஸ் 1940’ என்று போட்டு, விளிம்பு மடிக்காத ஹெல்மெட்டைக் கொடுத்தால் அது தவறு. மார்புப் பையின் நடுமடிப்பும் ஒரு தடயம். 1942-ல்தான் அதை நீக்கினார்கள். மடிப்பைச் சுரண்டி எடுப்பது சுலபம், விளிம்பைப் புட்டியால் கட்டுவது சிரமம். அசல் உருக்குத் தகடு ஒரு மி.மீ.க்குச் சற்றே அதிகம். அதை அப்படியே சுருக்கி வார்க்க முடியாதுதான், ஆனால் கிட்டில் விளிம்பே ஒரு மி.மீ. தடிமன் இருந்தால் கிண்ணத்தைக் கவிழ்த்தது போலிருக்கும். உட்பக்கமாகச் சுரண்டி விளிம்பை மெலிதாக்கலாம்.

பசை போடாமல் பொருத்திப் பாருங்கள். கழுத்து காலருக்குள் உட்காரும் இடத்தில் சிறு இடைவெளி இருந்தால் மறைந்துவிடும். ஹெல்மெட் நெற்றியில் பொருந்தாமல் தூக்கி நின்றால் மறையாது. வளைந்த வாரை 60–70 டிகிரி சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்து நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் முக்குங்கள். பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை ரெசினைக் கரைக்காது, அதனால் ஒட்டாது. சூப்பர் க்ளூவோ எபாக்சியோதான் வேண்டும். எடையுள்ள தலைக்கு 1 மி.மீ. பித்தளைக் கம்பியையும் செருகுங்கள்.

வார்க்காமல் 3D பிரிண்டரில் எடுத்த கிட் என்றால் இணைப்புக் கோடு இருக்காது. அதற்குப் பதில் நெற்றியிலும் ஹெல்மெட் வளைவிலும் அடுக்கு வரிகளையும், முகவாய்க்கு அடியில் அச்சிடும்போது தாங்கிநின்ற குச்சிகளின் புள்ளிகளையும் தேடுங்கள். தொட்டால் பிசுபிசுத்தால் ரெசின் முழுதாக இறுகவில்லை. உள்ளீடற்ற பாகத்துக்குள் திரவம் தங்கியிருந்தால் பின்னாளில் வெடிப்பு விழலாம்.

நான் திருப்பி அனுப்பச் சொல்வது இவற்றுக்குத்தான்: கண், மூக்கு, உதடு ஆகியவற்றில் குமிழி, முகத்தின் குறுக்கே படிக்கட்டு மாதிரியான இணைப்புக் கோடு, பாகம் குறைவு, விற்றவர் சொன்ன மாதிரிக்கு மாறான ஹெல்மெட். விவரங்கள் மழுங்கி, பாகங்கள் ஒன்றுக்கொன்று சிறுத்துப் பொருந்தாமல் இருந்தால் கள்ள நகலாக இருக்கலாம். வார்த்த பாகத்திலிருந்தே மறுபடி அச்செடுக்கும்போது அளவு சற்றுச் சுருங்கும். புகார் அனுப்பும்போது பாகத்தின் பக்கத்தில் அளவுகோலை வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தை இணையுங்கள். முழு கிட்டையும் திருப்பாமல், கெட்ட பாகத்துக்கு மட்டும் மாற்று தர முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.