‘கெட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குச் சரியான தமிழ்ப் பொருள் என்ன?

அகராதியில் ‘பெறு’ என்று போட்டிருக்கிறது, அப்படியானால் ‘கெட் ஆங்க்ரி’ என்பது கோபத்தைப் பெறுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான எரிச்சல். எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. இந்தச் சொல்லைத் தனியாக வைத்துக்கொண்டு பொருள் தேடினால் பிடிபடாது. அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்.

பெயர்ச்சொல் வந்தால் அகராதி சொல்வது ஓரளவு சரி. ‘ஐ காட் எ பென்’, ‘ஐ காட் எ லெட்டர்’, ‘ஐ காட் எ ஜாப்’ (‘காட்’ என்பது ‘கெட்’டின் இறந்தகால வடிவம்). தமிழில் இவை மூன்றும் மூன்று விதம். பேனாவை ‘நான் வாங்கினேன்’, கடிதம் ‘எனக்கு வந்தது’, வேலையோ எவ்வளவு அலைந்திருந்தாலும் ‘எனக்குக் கிடைத்தது’. ஆங்கிலத்துக்கு இந்தக் கவலையே கிடையாது.

இடம் வந்தால் போய்ச் சேர்வது: ‘ஐ காட் டு த ஸ்டேஷன்’. ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ போன்றவை வந்தால் நடுவில் ‘டு’ வேண்டாம்.

பெயரடை வந்தால் நிலை மாறுகிறது என்று பொருள். ‘ஹீ இஸ் ஆங்க்ரி’ என்றால் கோபமாக இருக்கிறான். ‘ஹீ காட் ஆங்க்ரி’ என்றால் கோபம் வந்துவிட்டது, கொஞ்ச நேரம் முன்புவரை நன்றாகத்தான் இருந்தான். ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’ என்பதற்கு ‘இருட்டிக்கொண்டு வருகிறது’ அப்படியே பொருந்தும். ‘ஐ ஆம் மேரிட்’, ‘ஐ காட் மேரிட்’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். (அதன் பிறகு ‘வித்’ போடாதீர்கள், ‘டு’தான்.)

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த வகை. ‘ஹீ காட் ஸ்கோல்டட்.’ இதை ‘திட்டப்பட்டான்’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. பேச்சில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? ‘திட்டு வாங்கினான்’ என்போம். அடி, உதை, பல்பு எல்லாவற்றையும் வாங்குகிறோம், காசு கொடுக்காமலே. ‘கெட்’ செய்கிற அதே வேலையை நம் ‘வாங்கு’ பல காலமாகச் செய்துகொண்டிருக்கிறது. தமிழில் போலவே ஆங்கிலத்திலும் இது பேச்சுவழக்கு. அலுவலகக் கடிதம் என்றால் ‘வாஸ்’ போட்டு எழுதுவது நல்லது.

‘கெட் அப்’, ‘கெட் ஓவர்’, ‘கெட் அலாங்’ போன்றவற்றைத் தனித்தனிச் சொற்களாக மனப்பாடம் செய்துவிடுங்கள், குறுக்கு வழி இல்லை. அமெரிக்கர் ‘காட்டன்’ என்றால் பருத்தி என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் ‘கெட்’டின் வடிவம்தான். இங்கிலாந்திலும் முன்பு இருந்தது, அங்கே பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது.

அப்புறம், நான் மாட்டிக்கொண்ட இடம். ஒரு வீடியோ அழைப்பில், வெளிநாட்டுச் சக ஊழியர் ஒருவரிடம் ‘ஐ கட் மை ஹேர்’ என்றேன். ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்றால் நமக்கு முடிதிருத்துபவர் தானாகவே புரிந்துவிடுவார். அவரோ கண்ணை விரித்து, “நீங்களேவா? பின்பக்கம் எப்படி?” என்றார். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்றிருக்க வேண்டும். செய்தது வேறொருவர், செய்வித்தது நான். ‘ஐ காட் மை கார் ரிப்பேர்ட்’ என்பதும் இப்படித்தான். அன்று விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்ததால், கண்ணாடி வைத்துப் பார்த்து வெட்டினேன் என்று சமாளித்துவிட்டேன்.