வெள்ளை அணு செத்தால் நல்லதா? வாசகர் கேள்விகள்

குலசேகரம், பால்வெட்டுத் தொழிலாளி: இழுப்புக்கு ஒரு வாரமாக பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறேன். ரத்தம் பார்த்தால் வெள்ளை அணு 14,000, இயோசினோஃபில் பூஜ்யம். உள்ளே கிருமி ஏதும் கேறிவிட்டதா சார்?

காய்ச்சல், மஞ்சள் சளி எதுவும் இல்லையென்றால் நான் முதலில் மாத்திரையைத்தான் சந்தேகப்படுவேன். பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு, அது எல்லா வகை வெள்ளை அணுவிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இயோசினோஃபில், லிம்போசைட், நியூட்ரோஃபில் மூன்றும் வெள்ளை அணு வகைகள். இயோசினோஃபிலையும் பல லிம்போசைட்டுகளையும் தானாகச் சாகத் தூண்டுகிற அதே மருந்து, நியூட்ரோஃபிலின் சாவைத் தள்ளிப்போடுகிறது. கூடவே ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடந்த நியூட்ரோஃபில்கள் கழன்று ஓட்டத்தில் சேரும், எலும்பு மஜ்ஜையிலிருந்தும் புதிதாக இறங்கும். அதனால்தான் மொத்தம் ஏறிவிட்டது. மூச்சுக்குழாயை வீங்கவைக்கிற அணு என்பதால் இயோசினோஃபில் இறங்கியது உங்கள் இழுப்புக்கு லாபம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவி: சீக்கிரம் சாகிற அணு எது?

நியூட்ரோஃபில். ரத்தத்தில் பெரும்பாலும் ஒரு நாள்தான். எம்சிஎல்-1 என்ற புரதம் இருக்கும்வரை உயிர் ஓடும், அது சீக்கிரம் கரைந்துவிடுகிற சரக்கு. வயிறு நிறைய நொதிகளை வைத்திருப்பதால் கண்ட இடத்தில் வெடித்தால் நம் தசையே வெந்துபோகும். ஆகவே சுருங்கிச் செத்து செத்த செல்களை விழுங்குகிற மேக்ரோஃபேஜ் என்ற அணுவுக்கு இரையாகிறது. இந்தச் சாவுக்கு 1972இல் வைத்த பெயர் அப்போப்டோசிஸ், கிரேக்கத்தில் இலை உதிர்வது. தை மாத ரப்பர் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

குளச்சல்: பாட்டிக்கு 80 வயது. சிறுவயதில் வந்த மணல்வாரி (தட்டம்மை) ஏன் திரும்ப வரவில்லை?

அன்று உருவான, எதிர்ப்புப் புரதம் செய்கிற பிளாஸ்மா செல்களில் சில எலும்பு மஜ்ஜையில் இடம்பிடித்து, பக்கத்துச் செல்கள் தரும் 'சாகாதே' சைகையில் பல்லாண்டு அதைச் சுரக்கின்றன. அந்த இடம் கிடைக்காதவை சில நாளில் காலி. வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1781இல் மணல்வாரி வந்தது, பிறகு 1846இல்தான் திரும்ப வந்தது. முதல்முறை வந்து பிழைத்த கிழவர்கள் 65 வருடம் கழித்தும் தப்பினார்கள்.

மணவாளக்குறிச்சி: எங்கள் கடற்கரை மணலின் கதிர்வீச்சில் வெள்ளை அணு செத்துவிடுமா?

பெரிய அளவு ஒரே தடவையில் பட்டால் முதலில் சரிவது லிம்போசைட்தான், இரண்டு நாளுக்குள் தெரியும். மேக்ரோஃபேஜ் அதே அளவைத் தாங்கிக்கொள்ளும். உங்கள் மணலில் இருக்கிற மோனசைட் என்ற தாதுவில் உள்ள, கதிர்வீசும் தோரியம் தருவதோ வருடம் முழுக்கச் சிறுகச் சிறுக. ரிப்போர்ட்டில் லிம்போசைட் திடீரென்று குறைந்திருந்தால் மணலை விட்டுவிட்டு, சமீபத்தில் வந்த வைரஸ் காய்ச்சலையும் சாப்பிடுகிற மாத்திரையையும் பாருங்கள்.