‘பிழை 0’ சான்றிதழைக் காட்டி உறுதிமொழி கொடுக்கலாமா?

கேள்வி: ஜாவாவில் பில்லிங் மென்பொருள் எழுதும் சிறிய நிறுவனம் எங்களுடையது. ஒரு ஆலோசகர், கோடில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கோட்கியூஎல் என்ற கருவியை ஓட்டி, ‘பிழை 0, லாஜிக் முறையில் நிரூபிக்கப்பட்டது’ என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார். இதை நம்பி வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு உறுதிமொழி எழுதித் தரலாமா?

பதில்: தராதீர்கள். கருவி நல்ல கருவிதான். 2019-இல் கிட்ஹப் வாங்கிய செம்மில் நிறுவனம் உருவாக்கியது, டேட்டாலாக் வழியில், அதாவது தகவல்களிலிருந்து விதிகளால் புதிய தகவல்களைப் பெறும் லாஜிக் மொழியின் வழியில், வேலை செய்வது. சிக்கல் ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற சொல்லில் இருக்கிறது.

உங்கள் கோடு (நிரல்) முதலில் தகவல்களாக மாறுகிறது: இந்த மாறியின் மதிப்பு அந்த மாறிக்குப் போகிறது, இந்த மெத்தட் அந்த மெத்தடைக் கூப்பிடுகிறது என்று லட்சக்கணக்கில். அப்புறம் விதிகள். பயனர் தட்டச்சு செய்தது அ-வில் இருக்கிறது, அ-விலிருந்து ஆ-வுக்குப் போகிறது என்றால் ஆ-வும் நம்பத்தகாதது. அது சரிபார்க்கப்படாமல் டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்கியூஎல் கட்டளைக்குள் நுழைந்தால் எச்சரிக்கை. இப்படிப் புதிதாக எதுவும் கிடைக்காத வரை விதிகள் திரும்பத் திரும்ப ஓடும். இதில் தெரியாத தகவலும் ‘இல்லை’ என்றே கணக்காகும், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவர் கடைக்காரருக்கு அந்த வீட்டிலேயே இல்லாதது மாதிரி. மென்பொருளின் ஒரு பகுதி (மாட்யூல்) கருவி படித்த பில்டில் சேராமல் போயிருந்தால் அதிலுள்ள ஓட்டைக்கும் சேர்த்துத்தான் உங்கள் பூஜ்யம்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பில்லிங் மென்பொருள்களில் இது அடிக்கடி வரும்: ரிஃப்ளெக்‌ஷன். வரி கணக்கிடும் கிளாஸின் பெயரை டேட்டாபேஸிலோ எக்ஸ்எம்எல் கோப்பிலோ வைத்து, ஓடும்போது அந்தப் பெயரைப் படித்து ஆப்ஜெக்டை உருவாக்குவீர்கள். பெயர் கோடிலேயே நேராக எழுதியிருந்தால் கருவி ஒருவேளை கண்டுபிடிக்கும். வெளியிலிருந்து வந்தால் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதே அதற்குத் தெரியாது, சங்கிலி அங்கேயே அறுந்துவிடும், அறிக்கையில் அதற்கென்று ஒரு வரி எச்சரிக்கைகூட வராமல் போகலாம். அப்படிப்பட்ட இடங்களை உங்கள் ஆட்களே பட்டியலிட்டு, கையால் படித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிச் சான்றிதழ் விற்கும் இடைத்தரகர்கள் செய்வது இதுதான்: இயல்பாக வரும் விதித்தொகுப்பை ஒருமுறை ஓட்டி, வந்ததை முத்திரையோடு அச்சடித்துக் கொடுப்பது. டெண்டர்களிலும் ‘சான்றிதழ் இணைக்கவும்’ என்று ஒரு வரி கேட்கிறார்களே தவிர, எந்த விதிகள் ஓடின, எவ்வளவு கோடு உள்ளே போனது என்று கேட்பவர் யாருமில்லை, கேட்டிருந்தால் இந்த வியாபாரம் எப்போதோ படுத்திருக்கும்! இன்னொன்று, கோட்கியூஎல் திறந்த மூல கோடுக்கு இலவசம். உங்களுடையது போன்ற மூடிய கோடில் ஓட்டக் கட்டண உரிமம் வேண்டும். அவரிடம் இருந்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஓடிய விதிகளின் பட்டியல், உள்ளே போன கோப்புகளின் பட்டியல் இரண்டையும் வாங்குங்கள். பிறகு கோடின் நகல் ஒன்றில் நீங்களே ஒரு எஸ்கியூஎல் ஓட்டையை, அதுவும் மேலே சொன்ன வரி கணக்கிடும் கிளாஸுக்குள், ஒளித்து வைத்து அவரை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் பூஜ்யம் வந்தாலோ அவர் ஓட்ட மறுத்தாலோ மீதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள்.