டயாலிசிஸ் டியூபை ஸ்பிரிட் வைத்துத் துடைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. கழுத்துப் பக்கம் போட்ட பெர்ம்கேத் (ரத்தக் குழாய்க்குள் வைக்கும் டயாலிசிஸ் டியூப்) வழியாக மூன்று மாதமாக டயாலிசிஸ் நடக்கிறது. பழைய சென்டரில் பெட்டாடின் போட்டார்கள். புதிய சென்டரில், 'இந்த டியூபுக்கு அது ஆகாது' என்கிறார்கள். கிருமி வந்துவிடுமோ என்ற பயத்தில் வீட்டில் தினமும் ஸ்பிரிட் பஞ்சால் டியூபைத் துடைக்கிறேன். சரிதானா?

பதில்: முதலில் அந்த ஸ்பிரிட்டை நிறுத்துங்கள்.

பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இந்த டியூப்கள் எல்லாம் ஒரே பொருளில் செய்தவை அல்ல. சில சிலிக்கோன், பல பாலியூரித்தேன். சிலிக்கோனுக்கு அயோடின் ஆகாது. நாள்பட அதன் உறுதி குறையும். பெட்டாடினில் இருப்பது அயோடின்தான். பாலியூரித்தேனில் சில வகைகள் ஆல்கஹால் பட்டுப் பட்டு ஊறி, இளகி, கடைசியில் வெடிப்பு விடும். ஸ்பிரிட்டில் இருப்பது ஆல்கஹால்தான். புண்ணுக்குப் போடும் முபிரோசின் களிம்பையும் தானாகத் தடவாதீர்கள். சில களிம்புகளில் மருந்தைவிட அதைக் குழைத்திருக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால்தான் பாலியூரித்தேனை அரிக்கும். எந்தத் திரவம் ஒத்துவரும் என்பது டியூபுடன் வந்த தாளிலேயே இருக்கும். எந்த வகை டியூப் என்று தெரிந்துகொள்ள, அதைப் போட்ட ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியை புதிய சென்டரில் காட்டுங்கள்.

டியூபில் மயிரிழை வெடிப்பு விட்டாலும் ரத்தம் கசியலாம், காற்று உள்ளே போகலாம். கிருமி நேராக ரத்தத்துக்குள் இறங்கவும் அதுவே வழி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

சென்டரில் தோலைத் துடைக்கப் பெரும்பாலும் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வைத்திருப்பார்கள். அது தானாகக் காய்ந்த பிறகே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். ஈரத்தோடு மூடினால் கிருமியும் சரியாகச் சாகாது, ஆல்கஹாலும் டியூபோடு ஒட்டிக் கிடக்கும். அவசரத்தில் வாயால் ஊதிக் காய வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் தடுத்துச் சொல்லுங்கள், தப்பில்லை.

வீட்டில் உங்கள் வேலை குறைவுதான். கட்டைப் பிரிக்காதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள், நனைய விடாதீர்கள். குளியல் இப்போதைக்கு ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. கட்டு நனைந்தாலோ பிரிந்தாலோ சென்டருக்குப் போய் மாற்றுங்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், டியூபைச் சுற்றிச் சிவப்பே இல்லாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டும். மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். முதலில் ரத்தம் எடுத்து, என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும்.

அப்புறம், மூன்று மாதம் ஆகிவிட்டதே, கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறு ஆபரேஷன்) போடுவது பற்றிச் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டீர்களா? அது தயாராகிவிட்டால் இந்த டியூபையே எடுத்துவிடலாம்.